அந்தப் பக்கத்தையும் பார்க்கட்டுமா

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஒரு தடவை தப்பாகச் சொல்லியாகிவிட்டது, அந்தப் பயம்தான். நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் முன்னது பின்னால் போய்விடும், நடுவில் கிடந்த சின்ன விஷயம் பெரிதாகிவிடும், முக்கியமானது வாய்க்குள்ளேயே தங்கிவிடும். என் வீட்டுக்காரர் தங்கமுத்துகூடச் சொல்வார், நீ ஒரு சேதி சொன்னா அதைப் பிழிஞ்சு காயப்போட்டுத்தான் புள்ள படிக்கோணும் என்று. அதனால் மெதுவாகச் சொல்கிறேன். என் மகள் மிதுலாவுக்கு ஐந்து வயது. வலது பக்கத்தில், தொடை ஆரம்பிக்கிற இடத்துக்குச் சற்று மேலே, அவள் அழுதாலும் இருமினாலும் ஒரு புடைப்பு வரும், படுத்தால் போய்விடும். குடலிறக்கம் என்றார்கள். அதற்கு இன்று காலை ஆபரேஷன். அவளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் அவருடைய அக்கா பொன்னாத்தாள், எனக்கு நங்கையா, இட்லிப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எதிர்ச் சுவர் முழுக்க நீலப் பெயிண்ட் அடித்து மீன்கள் வரைந்திருக்கிறார்கள். எல்லா மீனும் ஒரே பக்கமாகப் போகிறது, கதவைப் பார்த்து. ஒரு மீனுக்குக்கூட இந்தப் பக்கத்துக் கண்ணைத் தவிர இன்னொரு கண் வரையவில்லை. மீனுக்கு அந்தப் பக்கத்திலும் கண் இருக்கும் என்று நமக்குத் தெரியும், வரைந்தவனுக்கும் தெரியும், அதனால் யாரும் கேட்பதில்லை. ஏசியிலிருந்து ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் பக்கெட்டில் சொட்டுகிறது. சொட்டு விழும்போதெல்லாம் மீன்கள் கொஞ்சம் அசைகிற மாதிரி இருக்கிறது. ராத்திரி தூங்காத கண், அப்படித்தான் இருக்கும். "ரெண்டு இட்லி தின்னு ருக்குமணி" என்கிறார் நங்கையா. "நீ பட்டினி கெடந்தா அவளுக்கு மயக்கம் சீக்கிரம் தெளிஞ்சுருமா?" எனக்கு வேண்டாமுங்க என்கிறேன். மூடியைத் திறந்து அவரே ஒன்றை எடுத்துச் சாப்பிடுகிறார். தேங்காய்ச் சட்னியின் வாசமும் டெட்டால் வாசமும் கலந்து, அந்த நீலத் தண்ணீருக்குள் நான் உட்கார்ந்திருக்கிற மாதிரி காதெல்லாம் அடைக்கிறது.

டாக்டர் மேகலா கோயம்புத்தூரிலிருந்து வருகிறவர், குழந்தைகளுக்கு மட்டும் ஆபரேஷன் செய்கிறவர். என்னைவிட ரொம்பச் சின்னவர், ஆனாலும் டாக்டரம்மா என்றுதான் வாயில் வருகிறது. முந்தாநாள் என்னை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். எங்கே வேலை பார்க்கறீங்க என்று கேட்டார். பனியன் கம்பெனியில் செக்கிங் என்றேன். அப்போ உங்களுக்கு ஈசியாப் புரியும் என்றார். "டிராக் பேன்ட்டுக்கு நாடா கோக்கறதுக்கு ஒரு வழி விட்டுத் தைப்பீங்கள்ல, அந்த மாதிரி எல்லாக் குழந்தைக்கும் அம்மா வயித்துக்குள்ள இருக்கறப்போ ரெண்டு பக்கமும் ஒரு சின்ன வழி இருக்கும். அது தானா மூடிக்கும். மிதுலாவுக்கு வலது பக்கம் மூடலை, அதுல குடல் இறங்குது. இடது பக்கம் வெளியே பார்க்க நல்லா இருக்கு. ஆனா உள்ளே மூடியிருக்கா இல்லையான்னு தடவிப் பார்த்துச் சொல்ல முடியாதும்மா." நான் தலையாட்டினேன். நாடா என்றதும் என் மனது நாடாவின் பின்னால் போய்விட்டது, நாடா கோக்கிற பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதும், ஊக்கு முனை துணிக்குள் புழு மாதிரி ஊர்ந்து மறுபக்கம் தலை நீட்டுவதும் கண்ணில் வந்தது. அதற்குள் டாக்டரம்மா அடுத்ததற்குப் போய்விட்டார். "வலது பக்கம் எப்படியும் சின்னதா ஒரு கீறல் போடறோம். அங்கே அந்த வழி ஒரு சின்னப் பை மாதிரி கைக்கு வரும். அதைக் கட்டறதுக்கு முன்னாடி, அதே ஓட்டை வழியா பென்சிலைவிட மெல்லிசான கேமராவை உள்ளே விட்டு, இடது பக்கத்தை எட்டிப் பார்த்துட்டு எடுத்துடலாம். பார்க்கறதுக்குன்னு தனியாக் கீறல் இல்லை. இடம் தெரியறதுக்காக வயித்துல கொஞ்சம் காத்து விட்டு, பிறகு எடுத்துடுவோம். மூடியிருந்தா தொட மாட்டோம். திறந்திருந்தா அப்பவே அந்தப் பக்கமும் சின்னதாக் கீறி மூடிடலாம், இன்னொரு தடவை மயக்க மருந்து வேண்டியிருக்காது. ஆனா திறந்திருக்கற எல்லாருக்கும் பின்னாடி குடல் இறங்கிடும்னு சொல்ல மாட்டேன். நிறையப் பேருக்கு ஒண்ணுமே ஆகாது. மூடறதும் ஒரு ஆபரேஷன்தான், அதுலயும் கொஞ்சம் ரிஸ்க் இருக்கு. அதனால பார்க்கறதும் சரி, பார்க்காம கவனிச்சுட்டு இருக்கறதும் சரி. அந்தப் பக்கத்தையும் பார்க்கட்டுமா? நீங்கதான் சொல்லணும்." இரண்டும் சரி என்று ஒரு டாக்டரே சொன்னால் நான் எங்கே போவேன். ஏழாவதோடு நின்றவள் நான். பள்ளிக்கூடத்தில் ஒரு கேள்விக்கு ஒரு பதில்தான் சரி, மற்றதெல்லாம் தப்பு, அந்த அளவுக்குத்தான் எனக்கு வரும். கம்பெனியிலும் அப்படித்தான், பீஸ் ஒன்று நல்லது, இல்லாவிட்டால் செகண்ட்ஸ் என்று கழித்துவிடுவோம். இரண்டும் சரி என்கிற மேஜையில் நான் வேலை பார்த்ததே இல்லை.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தார், ஹூப்ளிப் பக்கம் ஒரு ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பின்னால் தட்டு கழுவுகிற சத்தம், யாரோ இந்தியில் கத்துகிறார்கள். என்ன சொன்னாங்க புள்ள என்றார். எனக்கு எல்லாம் ஒரே சமயத்தில் வாய்க்கு வந்தது. "ரெண்டு பக்கமும் கிழிக்கறதுக்குக் கேக்கறாங்க. வயித்துக்குள்ள காத்தடிச்சுக் கேமரா உடுவாங்களாம்" என்றேன். அவர் தட்டைத் தள்ளிவைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "காத்தடிக்கறதுக்கு என்ற மவ என்ன டயரா? பஞ்சர் ஆன பக்கத்தை ஒட்டச் சொல்லு. நல்ல டயரைக் கழட்டாதீங்கன்னு சொல்லிப்போடு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அவர் சிரித்தால் எனக்குப் பாதி பயம் போய்விடும், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அந்தச் சிரிப்போடு டாக்டரம்மாவிடம் போய் ஒரு பக்கம் போதுங்க என்றேன், அதற்கே கையெழுத்தும் போட்டேன். அவர் சரிம்மா என்றார். "மனசு மாறினா நான் பையைக் கட்டறதுக்கு முன்னாடி சொல்லி அனுப்புங்க. கட்டிட்டா அந்த வழி அடைஞ்சுடும், அப்புறம் எட்டிப் பார்க்க முடியாது." இதையெல்லாம் இங்கே உட்கார்ந்து மறுபடியும் மறுபடியும் ஓட்டிப் பார்க்கும்போதுதான் ஒரு இடத்தில் நூல் சிக்குகிறது. பார்க்கறதுக்குன்னு தனியாக் கீறல் இல்லை. அதை நான் வீட்டுக்காரரிடம் சொன்னேனா? காற்றைச் சொன்னேன், கேமராவைச் சொன்னேன், கிழிப்பதைச் சொன்னேன். கிழிக்காமல் பார்க்கலாம், திறந்திருந்தால் மட்டும்தான் கீறல் என்பதைச் சொல்லவே இல்லை. அவர் வேண்டாம் என்றது டாக்டரம்மா கேட்டதற்கு அல்ல, நான் கேட்டதற்கு. இது ஒரு பொய் மாதிரியும் இருக்கிறது, பொய் இல்லாத மாதிரியும் இருக்கிறது. போனை எடுத்து அவர் நம்பரை அழுத்துகிறேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று அந்தப் பெண் குரல் பதமாகச் சொல்கிறது. மலை ஏறிக்கொண்டிருப்பார். வளைவுகளில் ஹாரன் அடித்துக்கொண்டு, ஒரு கையில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, மகளுக்கு ஒரு பக்கம் முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு. "ஆருக்கு அடிக்கற?" என்கிறார் நங்கையா. உங்க தம்பிக்குத்தானுங்க என்கிறேன். "ஓட்டறவனை எதுக்குத் தொந்தரவு பண்ற? அவன் சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போட்டான். நல்ல பக்கத்துல கை வெக்க வேண்டாம்னுட்டான்ல, அதோட உடு."

தெருவில் டான்சில் ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறோம். இது நங்கையாவின் ஏற்பாடு. பெண் பிள்ளைக்கு அந்த இடத்தில் ஒன்று என்று நாலு பேர் காதில் விழுந்தால் அது வளர்ந்துகொண்டே போகும், அவள் சமைவதற்குள் அது வேறொரு வியாதியாகிவிடும் என்றார். அது உண்மைதான், எங்கள் தெருவில் சளி பிடித்தால்கூட அந்தக் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது காசநோயாகிவிடும். "போறப்ப ஒரு டப்பா ஐஸ்கிரீம் வாங்கிக்கலாம். கையில புடிச்சுக்கிட்டே எறங்கோணும். அப்பத்தான் நம்புவாங்க" என்கிறார் இப்போது, ஒரு பெரிய காரியத்தைத் திட்டம் போடுகிற முகத்தோடு. தொண்டையில் ஆபரேஷன் செய்த பிள்ளை ஆட்டோவிலிருந்து வாய் நிறையக் கத்திக்கொண்டு இறங்கினால் என்ன செய்வது என்று நான் யோசிக்கிறேன், யோசித்துக்கொண்டே அந்த வாயைப் பார்க்கிறேன், பால் பல் ஒன்று விழுந்த இடம், அதற்குள் ரோஸ் நிறத்தில் ஈறு. நங்கையா தொடர்ந்து பேசுகிறார். "ஒரு பக்கம் தழும்பு இருந்தா சின்னதுல கீழே உழுந்துட்டான்னு சொல்லிக்கலாம். ரெண்டு பக்கமும் அளவெடுத்துக் கோடு போட்டாப்புல இருந்தா நாளைக்குக் கட்டறவன் என்ன நெனைப்பான்?" கட்டறவன். அவன் இப்போது எங்கோ ஒரு ஊரில் டவுசரை நனைத்துக்கொண்டிருப்பான். அவனுக்காக இப்போதே என் மகளின் வயிற்றைப் பார்க்க ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார். நான் சொன்னால் அது தப்பாக வரும், பிறகு வருஷக்கணக்கில் அதைப் பேசுவார்கள்.

அவளுக்குப் புடைப்பு மாட்டிக்கொண்ட அந்த வெள்ளிக்கிழமை அடிக்கடி நினைவில் வருகிறது, வேண்டாம் என்றாலும் வருகிறது. கம்பெனியில் உள்ளே போகும்போது போனை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். செக்கிங் மேஜையில் டியூப்லைட் வெளிச்சம் வெள்ளையாகக் கொட்டும், அதன் கீழே டீ சர்ட்டுகள் குவியலாக வரும், வந்துகொண்டே இருக்கும், ஒன்றை உள்புறமாகத் திருப்பி, தோளைப் பார்த்து, பக்கத் தையலை விரலால் ஓட்டி, கையை நுழைத்து விரித்து ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்து, பிறகு அடுத்தது. கொஞ்ச நேரத்தில் கைதான் பார்க்கும், கண் வேறெங்கோ போய்விடும். அன்றைக்கு எனக்கு மனது லேசாக இருந்தது என்பதுதான் கொடுமை. ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். டீ நேரத்தில் போனை வாங்கினால் டீச்சரிடமிருந்து அத்தனை அழைப்பு. பள்ளிக்கூடத்தில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு அவளைப் படுக்கவைத்திருந்தார்கள். முழங்காலை மடக்கி வயிற்றோடு வைத்துக்கொண்டு, உதடெல்லாம் வெளுத்து, அழக்கூட முடியாமல் இருந்தாள். படுத்தும் போகவில்லை அந்தப் புடைப்பு. கல் மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் ட்யூட்டி டாக்டர் அவள் காலை உயர்த்திவைத்து, இரண்டு விரலால், பூவைத் தொடுகிற மாதிரி, விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். ஒரு சத்தம் வந்தது, குடத்தில் தண்ணீர் மொள்ளும்போது வருமே அந்த மாதிரி ஒரு சின்னக் களக். உள்ளே போய்விட்டது. அவள் உடனே தூங்கிவிட்டாள். குடல் மாட்டிக்கொண்டால் நேரம் ஆக ஆகக் கெட்டுப்போகும் என்றார். பெண் பிள்ளைக்குக் குடலோடு சூல்பையும் வந்து மாட்டிக்கொள்வதுண்டு என்றார். நான் பாட்டு முணுமுணுத்த நேரத்தில் அது மாட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. இன்றைக்கு வலது பக்கத்தை மூடிவிடுவார்கள். இனி வலது பக்கம் அப்படி ஆகாது. அதைச் சொல்லிச் சொல்லி என்னைத் தட்டிக்கொடுத்துக்கொள்கிறேன், இனி வலது பக்கம் ஆகாது, இனி வலது பக்கம் ஆகாது, சொல்லச் சொல்ல வலது என்கிற வார்த்தை தேய்ந்து, ஒரு பக்கத்தில் மட்டும் எரிகிற விளக்கு மாதிரி இருக்கிறது, இன்னொரு பக்கம் இன்னும் இருட்டாகிக்கொண்டே போகிறது.

செக்கிங்கில் கெட்ட இடத்தைக் காட்டுவதற்கு அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். டைலர் அந்த அம்பைப் பார்த்து அங்கே மட்டும் பிரித்துத் தைப்பார். நல்ல இடத்தில் அம்பு ஒட்டிவிட்டால் போச்சு, அவர் பிரித்துவிடுவார், பிரித்த இடத்தில் ஊசி ஓட்டை விழும், நன்றாக இருந்த பீஸ் செகண்ட்ஸ் ஆகிவிடும். அப்படி எத்தனை திட்டு வாங்கியிருக்கிறேன். அதுவும் மனதில் இருந்திருக்க வேண்டும் நான் ஒரு பக்கம் போதும் என்றபோது. அதே புத்திதான் இன்று காலையிலும் வேலை செய்தது. குளிப்பாட்டித் துடைத்துவிட்டு, அவள் வலது பக்கத்தில் ஒரு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டினேன். டாக்டருக்குத் தெரியாதா என்று கேட்டால் தெரியும்தான். ஆனால் உள்ளே போனால் பச்சைத் துணியைப் போட்டு மூடிவிடுவார்கள், எல்லாப் பிள்ளையும் ஒன்று போலத் தூங்கும், யாராவது ஒருவர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று குழம்பினால்? மிதுலாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. குனிந்து குனிந்து பார்த்தாள். "இந்தப் பக்கத்துக்கும் ஒட்டும்மா" என்று இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். அந்தப் பக்கம் நல்லா இருக்குது சாமி, அதுக்கு வேண்டாம் என்றேன். "உள்ள நல்லா இருக்குதான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். எதற்கெடுத்தாலும் அவளுக்கு இந்தக் கேள்விதான். சாமிக்குக் கண் தெரியும்னு உனக்கு எப்படித் தெரியும், பூனைக்கு நம்ம பேச்சுப் புரியாதுன்னு உனக்கு எப்படித் தெரியும். அம்மாவுக்கு எல்லாம் தெரியும், கையைத் தூக்கு என்று கவுனை மாட்டிவிட்டேன். இங்கே ஜெபசீலி சிஸ்டர் துணி மாற்றும்போது அதைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு வராந்தா முழுக்கக் கேட்டது. "யாருங்கம்மா இது ஒட்டினது? பிள்ளையப் பார்சல்லயா அனுப்புதீங்க?" திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு அவருக்கு. ஸ்டிக்கரை உரித்து என் கையில் கொடுத்தார். "டாக்டர் பேனாவால மார்க் போட்டாச்சு, நீங்க பயப்படாதீங்க." அந்த இடத்தில் நீல மையில் வட்டம் இருந்தது. மிதுலா என்னைப் பார்த்து, பாத்தியா டாக்டரும் ஒரு பக்கந்தான் போட்டிருக்காங்க என்று வருத்தமாகச் சொன்னாள். அப்படியே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவள் ஒரு மாதம் முன்னதாகப் பிறந்தவள். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து, இனி இல்லை என்று நானே மனதை மூடிவைத்த பிறகு வந்தவள். அப்போதும் நான் மேஜை முன்னால் நின்றுகொண்டுதான் இருந்தேன். ஆர்டர் போகிற நேரம், உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது என்று நின்றேன். நின்றபடியே பனிக்குடம் உடைந்தது. மாசம் நிறையறதுக்கு முன்னாடி பிறந்த குழந்தைகளுக்கு இது கொஞ்சம் அதிகம் வரும் என்று டாக்டரம்மா சொன்னபோது அவர் வேறு எதையோ எழுதிக்கொண்டிருந்தார், அவருக்கு அது சாதாரணப் பேச்சு. எனக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. அந்த ஒரு மாதம் அவள் உள்ளே இருந்திருந்தால் மெதுவாக, தூக்கத்தில் கண் இமை மூடுகிற மாதிரி, அந்த வழி மூடியிருக்கும். நான் அவளை வேலை முடிவதற்கு முன்னால் வெளியே எடுத்துவிட்டேன், சாயம் காயாத துணியை எடுத்த மாதிரி. இதையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தவள், இந்த நாற்காலியில், அந்தச் சொட்டுச் சத்தத்தில், வேறொரு இடத்தில் தட்டி நிற்கிறேன். ஒரு மாதம் குறைந்தது வலது பக்கத்துக்கு மட்டுமா? இரண்டு பக்கமும் ஒரே வயிற்றில் ஒரே நாள் கணக்கில்தானே இருந்தது. வலது பக்கத்துக்கு நேரம் போதவில்லை என்றால் இடது பக்கத்துக்கு மட்டும் எங்கிருந்து வந்திருக்கும் நேரம்? வந்திருக்கலாம். சிலது வேகமாக மூடும், சிலது மெதுவாக. இது டாக்டர்கள் கணக்கு இல்லை, என் கணக்கு, என் கணக்கு பெரும்பாலும் தப்பு. ஆனாலும் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்க்கிறேன்.

அவளுக்குப் போர்வைக்குள் என் போனின் டார்ச்சை எரியவிட்டு உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பார்ப்பது ஒரு விளையாட்டு. கை சிவப்பாக ஒளிரும், விரல்களின் ஓரம் மாதுளைத் தோல் மாதிரி இருக்கும். அம்மா உள்ள வா, உள்ள வா என்பாள். நானும் தலையை நுழைப்பேன். வேர்வையும் பவுடரும் கலந்த வாசம், அவள் மூச்சுச் சூடு. இப்போது கண்ணை மூடினால் அந்தப் போர்வைக்குள் போய்விடுகிறேன், போர்வை பெரிதாகிறது, சிவப்பான கூரை, சிவப்பான சுவர், கால் வைத்தால் மெத்தென்று அமுங்குகிறது, எங்கும் ஈரமான மினுமினுப்பு. அவளுக்குள்தான் நடக்கிறேன். என்னிடமிருந்து போன வயிறு, எனக்கு வழி தெரிய வேண்டும், ஆனாலும் தெரியவில்லை. தூரத்தில் ஒரு மெல்லிய வெளிச்சம், பென்சிலைவிட மெல்லியது, வலது பக்கத்து ஓட்டையில் நின்றுகொண்டிருக்கிறது, உள்ளே வரவில்லை. யாரோ அதைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள், யாராவது வா என்று சொன்னால் வரும். நான் இடது பக்கமாகப் போகிறேன். துணியைத் தடவுகிற மாதிரி சுவரைத் தடவிக்கொண்டு போகிறேன். இங்கே எங்கோதான் இருக்க வேண்டும். ஒரு சுருக்கம் விரலில் படுகிறது. ஒருவேளை அது மடிந்து ஒட்டிப்போன இடம், கண் மூடிய பூனைக்குட்டியின் இமை மாதிரி. ஒருவேளை அது திறந்த வாய், விரலை வைத்தால் உள்ளே போய்விடும். விரலுக்குத் தெரியவில்லை. எத்தனை லட்சம் பீஸைத் தடவிய விரல், இருட்டில் அதற்கு ஒன்றுமே தெரியவில்லை. வெளிச்சம் அங்கேயே நிற்கிறது. வா என்று கூப்பிட நினைக்கிறேன், வாயில் இட்லி மாதிரி எதுவோ அடைத்துக்கொண்டிருக்கிறது. அப்போது வெளிச்சம் சின்னதாகிறது. ஓட்டையைச் சுற்றி யாரோ நூலைச் சுற்றுகிறார்கள்.

"ஏ ருக்குமணி, சாயாதே, கீழ உழுந்துருவ" என்று நங்கையா தோளைப் பிடித்தார். கதவு திறந்து ஜெபசீலி சிஸ்டர் எதையோ எடுக்க வெளியே ஓடி, ஓடிவந்தார். ஆரம்பிச்சுட்டாங்களா சிஸ்டர் என்று கேட்டேன். "ஆரம்பிச்சாச்சும்மா, பிள்ள நல்லாத் தூங்குது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார். எழுந்து நின்றேன். எழுந்தது எனக்கே தெரியவில்லை, நின்ற பிறகுதான் தெரிந்தது. "எங்க போற?" என்றார் நங்கையா. அந்தப் பக்கத்தையும் பாக்கச் சொல்லப் போறேனுங்க என்றேன். அவர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கென்ன பைத்தியமா? தம்பி வேண்டாம்னு சொன்னான்ல?" நான் அவருகிட்டத் தப்பாச் சொல்லிட்டேனுங்க. பாக்கறதுக்குக் கீறல் கிடையாது, தொறந்திருந்தாத்தான் கீறல், அதை நான் சொல்லவே இல்லை என்றேன். "இருந்துட்டுப் போவுது. டாக்டரே எல்லாருக்கும் எறங்காதுன்னு சொன்னாளா இல்லியா? நாமளாப் போயி எதுக்குத் தோண்டோணும்? நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா ஆரு பதில் சொல்றது?" நானுங்க என்றேன். என் வாயிலிருந்து ஒரே வார்த்தையாக ஒரு பதில் வந்து எத்தனை காலமாயிற்று. அவரும் அதைக் கேட்டுத் திகைத்த மாதிரி இருந்தது. "தழும்பு?" என்றார், குரல் இறங்கிப்போய். அவ உயிரோட இருந்தாத்தானுங்க தழும்பு என்றேன். அது அதிகப்படியான பேச்சு, அவள் உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் எனக்கு அந்த இரண்டு பெஞ்சும் மடக்கிய முழங்காலும் கண் முன்னால் நின்றுகொண்டிருந்தன, இந்தத் தடவை அவள் கை இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. நங்கையா முந்தானையை விட்டுவிட்டார். "போ. போயிச் சொல்லித் தொலை. எல்லாம் உன்ற இஷ்டம்" என்று இட்லிப் பாத்திரத்தை மூடினார்.

செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே வரக் கூடாது என்று எழுதியிருந்தது, அதனால் முதலில் விரலால் தட்டினேன், பிறகு கையால், பிறகு அடித்தேன். ஜெபசீலி சிஸ்டர் கதவைக் கொஞ்சமாகத் திறந்தார். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் கோபமாக இருந்தது. "என்னம்மா நீங்க? இங்கெல்லாம் தட்டக் கூடாது." அவருக்குப் பின்னால் ஒரு சின்ன வழி, அதன் முடிவில் இன்னொரு கதவு பாதி திறந்து, பச்சைத் துணியும் பெரிய விளக்கும் தெரிந்தன. மகள் தெரியவில்லை. டாக்டரம்மா பையைக் கட்டிட்டாங்களா சிஸ்டர் என்றேன். "எதுக்குக் கேக்கீங்க?" மூச்சை இழுத்துக்கொண்டேன். வழியெல்லாம், அது எட்டு அடிகூட இருக்காது, வரிசையை மனதில் சொல்லிக்கொண்டே வந்திருந்தேன். கட்டலைன்னா, கேமரா உட்டு இடது பக்கத்தையும் பாக்கச் சொல்லுங்க. தொறந்திருந்தா மூடிறச் சொல்லுங்க. மூடியிருந்தா அதைத் தொட வேண்டாம். "சரி, நான் சொல்லுதேன், நீங்க போய் உக்காருங்க" என்று கதவைச் சாத்தப் போனார். அவர் நல்லவர், கெட்டிக்காரர், நர்ஸ் படிப்புப் படித்தவர். ஆனால் அந்தச் சின்ன வழியில் அவர் நடந்து போவார், போகும்போது வேறு யாராவது எதையாவது கேட்பார்கள், சேதி அவர் வாயில் இருக்கும், வாயில் இருக்கிற சேதிக்கு என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும். ரெண்டு பக்கமும் பண்ணச் சொல்றாங்க என்று போய்ச் சேர்ந்தால்? கதவு மூடுவதற்குள் என் வெறுங்காலைச் சந்தில் வைத்தேன். கதவு காலை நசுக்கியது. "காலை எடுங்கம்மா!" என்றார் அவர். நான் அவர் தோளுக்கு மேலாக அந்த விளக்கைப் பார்த்துக் கத்தினேன், டாக்டரம்மா, மிதுலா அம்மா பேசறேனுங்க, இடது பக்கத்தையும் பாருங்க, தொறந்திருந்தா மட்டும் மூடுங்க என்று. வராந்தாவில் யாரோ எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது. உள்ளே ஏதோ ஒரு மெஷின் கூவிக்கொண்டே இருந்தது. அப்புறம் டாக்டரம்மாவின் குரல் வந்தது, அவசரப்படாமல், அன்று மேஜையில் பேசிய அதே குரல். "கேட்டுச்சும்மா. பை கையிலதான் இருக்கு, இன்னும் கட்டலை. அந்தப் பக்கம் பார்க்கறேன். திறந்திருந்தா மூடறேன், மூடியிருந்தா தொட மாட்டேன். அதானே?" அதேதானுங்க என்றேன். "அப்பாவுக்குத் தெரியுமா?" நான் சொல்லிக்கறேனுங்க என்றேன். அவர் சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாக எனக்குள் ஒரு தடவை சரிபார்த்தேன். எல்லாம் நான் சொன்னபடியே இருந்தது. அதற்குப் பிறகுதான் காலை எடுத்தேன்.